ஜீப்பைத் தூக்கிக் கட்டுபவர்கள் ஷாஃப்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு படத்தின் கீழே, ‘உயரத்தைக் கூட்டியிருப்பதால் எந்தப் பாறையிலும் ஏறிவிடும்’ என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்தப் படத்தில் இருப்பது என் வண்டியைப் போலவே பழைய மகிந்திரா. பட்டையை, அதாவது வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகளை, உயர்த்திக் கட்டி, பெரிய டயர் மாட்டி, ஆள் இடுப்புக்கு மேலே நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், அப்பா வைத்துவிட்டுப் போன ஜீப்பை அதே மாதிரி தூக்கப் போவதாகச் சொன்னான். அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். 31 வருடம் ஜீப் ஓட்டினேன். பெரும்பாலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேலை. விடியற்காலை போடியில் கிளம்பி, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டில் கேரளாவுக்குள் நுழைந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் போகும் கடைசி 2 கிலோமீட்டர் வெறும் கல். மழை நேரத்தில் கல்லும் சேறும். வண்டியைத் தூக்கிக் கட்ட வேண்டும் என்ற ஆசை இந்தக் கல்லில்தான் பிறக்கிறது. அடியில் ஒவ்வொரு இடி விழும்போதும் ஓட்டுகிறவன் நெஞ்சில் விழுந்த மாதிரி இருக்கும்.

2009-ல் நானும் தூக்கினேன். என் வண்டி 1988 மாடல். எந்த ஊர், எந்த ஒர்க் ஷாப் என்பது வேண்டாம். பட்டை முனையை வண்டிச் சட்டத்தோடு பிடிக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு, ஒவ்வொரு பட்டைக் கட்டிலும் இரண்டு பட்டை சேர்த்து, 3 அங்குலம் தூக்கிக் கொடுத்தார்கள். வெளியே எடுத்தபோது வண்டி புதிதாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் 40 கிலோமீட்டர் வேகத்தில் காலுக்கடியில் ஒரு உறுமல் ஆரம்பித்தது. 50 வந்தால் கொஞ்சம் குறையும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் திரும்ப வரும். டயரைச் சொன்னார்கள், டயரை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வீல் பேரிங்கைச் சொன்னார்கள், அதையும் பிரித்தேன். இன்ஜின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் சுழல் தண்டுதான் ஷாஃப்ட். முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. அதன் இரண்டு முனையிலும் வளைந்து சுற்ற விடும் சிலுவை மூட்டுதான் கிராஸ். இரண்டு மாதத்துக்குள் பின் ஷாஃப்டில் மூன்று கிராஸ் போனது. அதற்கு முன்னால் ஒரு கிராஸ் எனக்கு இரண்டு வருடம் வந்திருக்கிறது. முன் ஷாஃப்டும் அதிர்ந்ததால் அதைக் கழற்றி வீட்டுத் திண்ணைக்கு அடியில் போட்டுவிட்டேன். அதைக் கழற்றியது எவ்வளவு பெரிய தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம். பின்னால் எட்டுப் பெண்கள், எல்லார் மடியிலும் தூக்குச் சட்டி. தூறல். புலியூத்தைத் தாண்டி இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, இன்ஜின் பிடித்து வைத்திருந்த வண்டி கயிறு அறுந்த மாடு மாதிரி முன்னால் பாய்ந்தது. பின் அச்சுக்குள் சுழற்சியை வாங்கும் பினியன் பல்சக்கரத்தின் பக்கத்துக் கிராஸ் உடைந்து ஷாஃப்டின் பின்முனை தொங்கிவிட்டது. சுற்றிக்கொண்டே தரைத் தகட்டை அடிக்கிறது. பெண்கள் அலறுகிறார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அடியில் அடிக்கிற சத்தம் நின்றது. வண்டி நிற்கவில்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பல இளம் ஓட்டுநர்களுக்கே இது தெரியவில்லை. இப்போதைய கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கும். பழைய ஜீப்பில் அப்படி இல்லை. இன்ஜின் சக்தியை முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும். அதைத்தான் பிடிக்கும். அங்கே பிடித்த பிடி ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஷாஃப்ட் இல்லை என்றால் ஹேண்ட் பிரேக் ஷாஃப்டை நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. கியரில் இறங்கும்போது இன்ஜின் கொடுக்கிற பிடியும் அதே ஷாஃப்ட் வழியாகத்தான். ஆக, ஒரு கிராஸ் உடைந்தால் இரண்டு பிடிகள் ஒரே நொடியில் போகின்றன. முன் ஷாஃப்ட் மாட்டியிருந்தால், ஃபோர் வீல் லிவரைத் தள்ளி முன் சக்கரம் வழியாகவாவது இன்ஜினைப் பிடிக்க வைக்க முயன்றிருக்கலாம். அது திண்ணைக்கு அடியில் கிடந்தது.

மிச்சம் இருந்தது கால் பிரேக் மட்டும். சுழன்ற ஷாஃப்ட் பிரேக் பைப்பில் படாமல் போனது எங்கள் எல்லாருடைய நல்ல காலம். மலைப் பக்கச் சாக்கடையில் இடது சக்கரங்களை இறக்கி, மண்ணில் உரசி நிறுத்தினேன். ஒரு அக்காவுக்கு நெற்றியில் கம்பி பட்டு நான்கு தையல். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. தையல் போட்டுவிட்டு வெளியே வந்த அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. “தம்பி, அந்தச் சத்தம் காலையில ஏறும்போதே என் காலுக்குக் கீழ கேட்டுச்சு. சொன்னா கோச்சுக்குவியோன்னு பேசாம இருந்துட்டேன்” என்றார். நான் சொந்த வண்டி என்ற நினைப்பில் எத்தனை தடவை எரிந்து விழுந்திருந்தால் அவருக்கு அந்தப் பயம் வந்திருக்கும்! இன்றைக்கும் அந்த வார்த்தை மனதைவிட்டுப் போகவில்லை.

ஏன் உடைந்தது என்பதை எனக்குப் புரிய வைத்தவர் போடியில் லேத் வைத்திருந்த ஒரு பெரியவர். இப்போது அவர் இல்லை. உடைந்த ஷாஃப்டை எடுத்துக்கொண்டு போனேன். கிராஸின் தொப்பியைத் தட்டிக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தார். கிரீஸ் வரவில்லை. செங்கல் தூள் மாதிரி காய்ந்த சிவப்புப் பொடிதான் கொட்டியது. அதற்குள்ளே ஊசி ஊசியாக நாலைந்து ரோலர், பாதி தேய்ந்து, ஒன்று இரண்டாக உடைந்து. கிராஸின் காலில் ஊசிகள் பதிந்த பள்ளம் வரிசையாகத் தெரிந்தது, பிரஷால் கோடு இழுத்த மாதிரி. “தொப்பி ஓரத்துல இந்தச் செம்பொடி வெளிய வந்து நின்னிருக்குமே, பாக்கலையா?” என்று கேட்டார். பார்த்திருந்தேன். ரோட்டுப் புழுதி என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் வைஸில் ஒரு பழைய ஷாஃப்டை மாட்டினார். ஒரு கிராஸில் மட்டும் 30 டிகிரி போல வளைத்து, இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முனையை நிதானமாகச் சுற்றினார். இந்தப் பக்கம் ஒரே சீராகப் போகிறது. அந்தப் பக்கம் ஓடுகிறது, தயங்குகிறது, ஓடுகிறது, தயங்குகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை. கண்ணால் பார்த்தாலொழிய நம்ப முடியாது. கோணம் 10 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரியில் 6 சதவீதம் ஆகிறது. 30-க்குப் போனால் 15 சதவீதம். கோணம் இரட்டித்தால் உதைப்பு நான்கு மடங்கு ஆகிவிடுகிறது.

“அப்ப எல்லா வண்டியும் உதறணுமே?” என்று கேட்டேன். “அதுக்குத்தான் ரெண்டு கிராஸ்” என்றார். மேலே ஒரு கிராஸ் உண்டாக்குகிற உதைப்பைக் கீழே இருக்கிற கிராஸ் எதிர்ப்பக்கமாகச் சரிக்கட்டிவிடும். நடுவில் ஷாஃப்ட் மட்டும் தயங்கித் தயங்கிச் சுற்றும், பினியனுக்குச் சீராகப் போய்ச் சேரும். ஆனால் அதற்கு இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வெளியே வரும் தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக, தண்டவாளம் மாதிரி இருக்க வேண்டும். கம்பெனியில் அப்படித்தான் வைத்து அனுப்புகிறார்கள்.

என் வண்டியில் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? தூக்கிக் கட்டியதும் ஷாஃப்ட் முன்னைவிடச் சரிவாக இறங்கியது. அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு கொடுத்து, பினியன் மூக்கை ஷாஃப்டைப் பார்த்து நிமிர்த்திவிட்டார்கள். கீழ்க் கிராஸ் நேராகிவிட்டது. பார்த்தால் அழகாக இருக்கிறது. ஆனால் வளைவு முழுவதும் மேல் கிராஸ் ஒன்றின் தலையில் விழுந்தது. அது உண்டாக்குகிற உதைப்பைச் சரிக்கட்டக் கீழே யாரும் இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் இந்த ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 25 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு இரண்டு உதை என்றால் நொடிக்கு 50. நான் இரண்டு மாதம் கேட்ட உறுமல் இதுதான். அத்தனை உதையும் பினியன் பக்கத்து ஊசி ரோலரில் போய் விழுந்தன. போதாததற்கு அந்தக் கிராஸ் நேராக இருந்ததால் ஊசிகள் உருள இடமில்லை, ஒரே இடத்தில் நின்று குத்திக்கொண்டே இருந்தன. கிராஸ் வாழக் கொஞ்சமாவது கோணம் வேண்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பினியனை நிமிர்த்தி வைப்பது எப்போதுமே தப்பு என்று சொல்லவில்லை. மேல் முனையில் இரட்டைக் கிராஸ் வைத்த ஷாஃப்ட் ஒன்று உண்டு. டபுள் கார்டன் என்பார்கள். அதில் மேலே இருக்கும் இரண்டு கிராஸும் தங்களுக்குள்ளேயே உதைப்பைச் சரிசெய்துகொள்ளும். அதைப் போட்டால் பினியன் ஷாஃப்டைப் பார்த்து நிமிர்ந்துதான் இருக்க வேண்டும். ஒரு முறைக்கான ஷாஃப்டை வைத்துக்கொண்டு இன்னொரு முறைக்கான ஆப்பை அடித்ததுதான் என் வண்டியில் நடந்த தப்பு. இன்றைக்கும் தூக்கிய வண்டிகளின் அடியில் குனிந்து பார்க்கும்போது இதே தப்பைப் பார்க்கிறேன்.

பழைய ஜீப்புக்கு இது ஏன் மற்ற வண்டிகளைவிட மோசம் என்று கேட்கலாம். காரணம் நீளம். பழைய சிஜே 3பி ஜீப்பின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 80 அங்குலம்தான். கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் எல்லாம் போக ஷாஃப்டுக்கு மிஞ்சுவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். கணக்குக்கு 24 அங்குல ஷாஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் 4 அங்குல இறக்கம் இருந்தால் கோணம் 10 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. 3 அங்குலம் தூக்கினால் அது 16-ஐத் தாண்டிவிடுகிறது. இதே 3 அங்குலத்தை 40 அங்குல ஷாஃப்ட் உள்ள நீள வண்டியில் தூக்கினால் 10 டிகிரிதான் வரும். நீள வண்டிக்காரர் “நானும்தான் தூக்கினேன், ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்வதை நம்பிக் குட்டை வண்டியைத் தூக்கக் கூடாது. சிலர் பட்டையை அச்சுக்கு அடியிலிருந்து எடுத்து மேலே வைத்துக் கட்டுகிறார்கள். அதில் உயரம் இதைவிட அதிகம் கூடும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது அச்சே முறுக்கிப் பினியன் மூக்கு மேலே எகிறவும் செய்யும்.

இன்னொன்று, ஷாஃப்டின் நடுவே ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி அதை நீளவும் குறையவும் விடும் ஸ்பிளைன் பல். அச்சு கீழே போகப் போக ஷாஃப்ட் நீள வேண்டும். மேலே சொன்ன கணக்கில் கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர் பல் வெளியே வந்துவிடுகிறது, வண்டி சும்மா நிற்கும்போதே. சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் இன்னும் வரும். சேசிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, பல் எவ்வளவு உள்ளே மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். பல் கழன்று ஷாஃப்டின் முன்முனை ரோட்டில் ஊன்றினால் என்ன ஆகும் என்பதை எழுதக் கை வரவில்லை. ஷாஃப்டைப் பிரித்து மாட்டும்போது இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே நேராக வர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அதிர்வு வரும். பிரிக்கும் முன்பே ஒரு கோடு போட்டு வைத்தால் போதும்.

முன்பக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கேயும் பினியனை நிமிர்த்தப் போய் அச்சைத் திருப்பினால் கேஸ்டர் என்ற முன் சக்கரச் சாய்வு குறையும், ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும். பிரேக் ஹோஸ் நீளம் பற்றாமல் விறைத்துக்கொள்ளும். வண்டியின் பாரம் மேலே போவதால் வளைவில் சாயும். 17 வளைவில் ஒவ்வொன்றிலும் சாயும்.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? கல்லில் இடிப்பது பெரும்பாலும் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங், பினியன் உள்ளே இருக்கும் அந்த உருண்டை. பட்டையை எவ்வளவு தூக்கினாலும் அது ஒரு நூல்கூட உயராது, ஏனென்றால் அது பட்டை தாங்கும் உடம்போடு இல்லை, சக்கரத்தோடு இருக்கிறது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 2 அங்குலம் பெரிய டயர் போட்டால் 1 அங்குலம் உயரும். ஒர்க் ஷாப்பில் ஒருவரும் இதை என்னிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நான் ஒரு அளவு பெரிய டயரோடு நிறுத்தியிருப்பேன்.

விபத்துக்குப் பிறகு அந்தப் பெரியவர் சொன்னபடி செய்தேன். சேர்த்த பட்டைகளில் ஒன்றை எடுத்து, ஷேக்கிளைப் பழைய அளவுக்கு மாற்றி, உயரத்தை ஒன்றரை அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். ஆப்பைக் கழற்றினோம். தண்டில் ஒரு முறை, பினியனில் ஒரு முறை கோணமானியையும் தூக்குக்குண்டையும் வைத்துப் பார்த்து, இரண்டும் இணையாக வரும்வரை அவர் விடவில்லை, மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. ஷாஃப்ட் குழாயைக் கொஞ்சம் நீளமாக்கி, பேலன்ஸ் பார்த்து மாட்டினோம். டிரான்ஸ்பர் கேஸைக் கட்டை கொடுத்து இறக்கலாமே என்று கேட்டேன். கோணம் குறையும், ஆனால் வயிறு இறங்கிக் கல்லில் இடிக்கும், எதற்காகத் தூக்கினாயோ அதையே திருப்பிக் கொடுக்கிற மாதிரி என்றார். முன் ஷாஃப்டைத் திண்ணையிலிருந்து எடுத்து மாட்டினேன். ஈரக் கல்லில் இறங்கும்போது ஃபோர் வீல் போட்டுத்தான் இறங்குவேன். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் போடக் கூடாது. இந்த வண்டிகளில் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவே கிடையாது, திரும்பும்போது ஷாஃப்டையே முறுக்கும். அதன் பிறகு வண்டியை விற்கும்வரை ஐந்து வருடத்தில் ஒரே ஒரு கிராஸ்தான் மாற்றினேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது. அதைக் காட்டி யாரையும் மிரட்ட நான் எழுதவில்லை. தூக்கிய வண்டிகள் இரண்டு மாநிலத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, அவற்றில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் கேட்கிறேன்: எஃப்சி (தகுதிச் சான்று) பார்க்கும் அதிகாரிகள் ஒரு நிமிடம் அடியில் குனிந்து, ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கட்டும். தோட்ட முதலாளிகள் ஆள் ஏற்றும் வண்டிக்கு வாடகை பேசும்போது முன் ஷாஃப்ட் மாட்டியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். ஓட்டுநர் தம்பிகள் கிளம்பும் முன் கிராஸ் தொப்பியை விரலால் தடவிப் பார்க்கட்டும். விரலில் சிவப்புப் பொடி ஒட்டினால் அன்றைக்கு ஆள் ஏற்ற வேண்டாம். பின்னால் உட்காருகிற அக்காமார்களும் அம்மாமார்களும், காலுக்குக் கீழே சத்தம் கேட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஷாஃப்ட் உங்கள் காலுக்கு அடியில்தான் ஓடுகிறது. ஓட்டுகிறவனுக்கு முன்னால் உங்களுக்குத்தான் அது கேட்கும்.

பக்கத்துத் தெருப் பையன் ஜீப்பை இன்னும் தூக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அடியில் படுத்துக் கோணம் அளக்கப் போகிறோம். உங்கள் புகைப்படக்காரர் வந்தால் சந்தோஷம். இந்த முறை கேமராவைத் தரையில் வைத்து ஷாஃப்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட கால வாசகன்,
ஜீப் ஓட்டுநர் (ஓய்வு),
போடிநாயக்கனூர்.